தாய்மாமனுக்குக் காய்ச்சல்

இன்ஸ்பெக்டர் ஐயாதுரை வருடத்துக்கு இரண்டு கொலை செய்வார். எல்லாம் எங்களைப் போன்ற பயிற்சி சப்-இன்ஸ்பெக்டர்களின் நன்மைக்காகத்தான். காலி வீடு ஒன்றைப் பிடித்து, துணிப் பொம்மையைப் பிணமாகக் கிடத்தி, குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ரத்தம் தெளித்து, சுற்றிலும் தடயங்களைப் போட்டுவைத்துவிட்டு, "போங்க, கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்று எங்களை அனுப்புவார். கொன்றது யார், எதற்காக, எந்த ஆயுதத்தால் என்பதைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். நாங்கள் எழுதுவது அந்த உறையோடு ஒத்துப்போக வேண்டும். தன் கொலைகளைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை நிஜக் கொலைகாரனுக்குக்கூட இருக்காது.

அது 1987, ஆவணி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சத்திரத்து மாடியில் எங்களுக்கு வகுப்பு. மொத்தம் ஆறு பேர், அதில் பெண் நான் ஒருத்திதான். பெயர் தங்கபாய், ஊர் தளவாய்புரம். முதல் பரீட்சையில் நான் ஏற்கெனவே தோற்றிருந்தேன். அது கொலை இல்லை, களவு. களவாணியாக நடிக்க ஓட்டலில் பரிமாறுகிற ஒருவரைப் பிடித்து வந்திருந்தார்கள். நான் இரண்டு கேள்வி கேட்டதுமே அந்த மனிதர் பொலபொலவென்று அழுதுவிட்டார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு அனுப்பிவிட்டேன். நூற்றுக்கு இருபத்தெட்டு.

"ஏம்மா தங்கபாய், களவாணி அழுதா நீயும் சேந்து அழுவியா? ரெண்டாவது பரீட்சையிலயும் கோட்டை விட்டா, மூணு மாசம் பயிற்சிய நீட்டிருவேன். லிஸ்ட்ல கடைசிக்குப் போயிருவ. பொறவு ரிட்டயர் ஆகிற வரைக்கும் இந்தத் தனுஷ்கோடிக்கு நீ சல்யூட் அடிக்கணும், பாத்துக்கோ."

தனுஷ்கோடி எங்கள் வகுப்பின் முதல் மாணவன். எதற்கெடுத்தாலும் சட்டப்பிரிவு எண் சொல்லுவான். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட ஏதாவது ஒரு பிரிவு வைத்திருப்பான். அவனுக்குச் சல்யூட் அடிப்பதை நினைத்ததும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது பரீட்சைக்குப் பிணம் செய்கிற பொறுப்பு ஏட்டு சமுத்திரத்திடம் வந்தது. அவர் கைவேலைக்காரர். மில்லில் கழிவுப் பஞ்சு வாங்கி அடைத்து, ஆள் உயரத்துக்குத் தைத்து, இன்ஸ்பெக்டரின் பழைய கட்டம்போட்ட சட்டையை மாட்டிவிட்டார். முகத்துக்குத் தலையணை உறை. அதில் கண், மூக்கு எழுதி, கறுப்பு நூலால் மீசையும் வைத்தார். எந்த மீசையை மனதில் வைத்துக்கொண்டு தைத்தாரோ தெரியாது, பொம்மை அச்சு அசல் இன்ஸ்பெக்டர் ஐயாதுரை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரியவில்லை. "ஆளு கம்பீரமா இருக்காம்லே," என்று பாராட்டி, பிணத்துக்குப் பால்சாமி என்று பெயரும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சமுத்திரம் பால்சாமியை ராஜபாளையத்துக்குக் கொண்டுபோய், ஒரு வளவுக்குள் இருந்த காலி வீட்டில் கிடத்திவிட்டார். ஒரே முற்றம், அதில் ஒட்டினாற்போல் இரண்டே வீடுகள். பக்கத்து வீட்டு அம்மாளிடம், "பயப்படாதீக, இது சும்மா படிப்புக்கு" என்றும் சொல்லிவிட்டு வந்தார். இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்குக் கோர்ட்டில் சாட்சி. ஆறு மணிக்குத்தான் வருவார். அதற்குள் நாங்கள் விசாரித்துக் கேஸ் டைரி எழுதி முடிக்க வேண்டும். உடுப்பு கூடாது, சாதா உடையில் போக வேண்டும். முக்கியமான தடயம் எதைக் கண்டாலும் விசில் ஊத வேண்டும். ஊதினால் எல்லோரும் ஓடிவந்து, கண்டதைச் சாட்சியோடு பதிந்து மகஜர் எழுத வேண்டும்.

கிளம்பும்போது வழக்கமான வாக்கியத்தையும் சொன்னார். "கேஸ் டைரியில பார்த்ததை எழுதுங்க. நெனச்சதை எழுதாதீக." தினமும் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் சொல்லுவார். எங்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

நாலு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே பிணம் இல்லை.

ரத்தமும் இல்லை. தரையைச் சாணி போட்டு மெழுகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் பெரிதாகப் படிக்கோலம் போட்டிருந்தது. கொலை நடந்த வீடு கிரகப்பிரவேசத்துக்குத் தயாரான வீடு மாதிரி இருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தனுஷ்கோடிக்குத்தான் முதலில் வெளிச்சம் வந்தது.

"புரியலையா? இதுதான் சோதனை! கொலையாளி தடயத்தை அழிச்சிருக்கான். பிரிவு இருநூத்தி ஒண்ணு. சார் எம்புட்டு யோசிச்சிருக்காரு பாருங்க!"

ஐந்து ஆண்களுக்கும் குஷி தாங்கவில்லை. ஒருவன் கிணற்றைத் தேடி ஓடினான். ஒருவன் ரயில் தண்டவாளத்துக்குப் போனான். இரண்டு பேர் கண்மாய்ப் பக்கம். தனுஷ்கோடி குனிந்து டேப்பை வைத்துக் கோலத்தை அளந்தான். நாலரை அடிக்கு நாலரை அடி என்று எழுதிக்கொண்டு, தெருமுனையில் பேண்டேஜ் துணி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே போனான்.

எனக்கு அம்புட்டு மூளை கிடையாது. எங்கள் வீட்டில் சாணி மெழுகுவது நான்தான். மெழுகினவள் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வருவாள், கடைசியாகக் கையைக் கழுவுவாள். ஈரம் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தேன். முற்றத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தொட்டியில் போய் முடிந்தது. தொட்டி ஓரத்துச் செம்பருத்திச் செடியில் ஒரு கொத்துக் கழிவுப் பஞ்சு. நடுச்சுவரில் குங்கும எண்ணெய்க் கை ஒன்று, வளையல் அச்சோடு.

தேர்ச்சி பெறப் போகிறேன்! தனுஷ்கோடி எனக்குச் சல்யூட் அடிக்கப் போகிறான்! விசிலைக் கையில் எடுத்துக்கொண்டே பக்கத்து வீட்டு வாசற்படி ஏறினேன்.

உள்ளே பாய் விரித்து ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டுகளில் பூ, பழம், வெற்றிலை. புதுச் சட்டை போட்ட ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதுமடல் சிவந்திருந்தது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. கதவோரம் நின்ற அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். சேலைதான் கட்டியிருந்தேன். ஆனால் காலில் போலீஸ் பூட்ஸ். மாற்றிக்கொள்ள மறந்திருந்தேன்.

"வா தாயி," என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அறையின் மூலையில் ஒரு கட்டில். அதில் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கழுத்துவரை கம்பளி, நெற்றியில் நனைத்த துண்டு. கம்பளிக்கு மேலே மீசையின் ஒரு நுனி மட்டும் தெரிந்தது. தினமும் காலையில் அட்டென்ஷனில் நின்று பார்க்கிற மீசை, எனக்கா தெரியாது?

அம்மாள் என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார். பெயர் சீனியம்மாள், பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை, புருஷன் இல்லை. அடுப்பு ஓரத்தில் மகள் வேலுத்தாய் பட்டுச்சேலையில் நின்றிருந்தாள். காப்பித் தட்டு அவள் கையில் கிடுகிடுவென்று ஆடியது.

"தாயி, கும்பிடுதேன். பக்கத்து வீட்டுல பொணம் கெடந்தா இங்க பொண்ணு பாப்பாகளா? பஞ்சுப் பொணம்னாலும் பொணம்தான? செத்த நேரம் தூக்கி வச்சிட்டு, அவிய போன பொறவு திரும்ப வச்சிருவோம்னுதான் தூக்கிட்டு வந்தேன். ஓரமா மறைக்கதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டு சுந்தரபாண்டியத்துக்காரவுக வந்துட்டாக. அவசரத்துல கட்டில்ல போட்டுப் போர்த்துனேன். உள்ள வந்ததும் மாப்பிள்ளையோட அத்தைக்காரி, 'தாய்மாமனுக்கு மேலுக்குச் சொகமில்லையா'ன்னு அவுகளாவே கேட்டாக. நான் ஆமான்னுட்டேன்."

"உங்க அண்ணன் எங்க?"

"அவன் வரமாட்டான். எம் மகளைத் தன் மகனுக்குக் கேட்டான். இவ மாட்டேன்னுட்டா. அதுல இருந்து மொகம் பாக்கதில்ல. தாய்மாமன் வரலன்னா, முறைக்காரனுக்குச் சம்மதமில்லன்னு எந்திரிச்சுப் போயிருவாக. நான் தாலியறுத்தவ, முன்னால நிக்க முடியுமா? இதுக்கு முன்ன ரெண்டு எடம் அப்படித்தான் போயிருச்சு."

வேலுத்தாய் அழவில்லை. அழுதிருந்தால் விசிலை ஊதியிருப்பேனோ என்னவோ. அவள் என் பூட்ஸைப் பார்த்துவிட்டு, "நீங்க உங்க வேலையப் பாருங்கக்கா. எனக்கு இது மூணாவது, பழகிப்போச்சு," என்றாள்.

எனக்கும் மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்று பேரும் கேசரியைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான், "பொண்ணு போலீஸா?" என்று கேட்டார்கள். மூன்றாவது தடவை என் அம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் பின்கட்டில் நின்றார். பழகிவிட்டது என்று நானும்தான் அன்றைக்குச் சொன்னேன். அது சுத்தப் பொய். வேலுத்தாய் சொன்னதும் பொய் என்று எனக்குத் தெரியும். விசிலைப் பைக்குள் போட்டேன். போடும்போது மூன்று மாதமும் தனுஷ்கோடியும் கண்முன்னே வந்துதான் போனார்கள்.

வெளியே மாப்பிள்ளையின் அத்தை குரல் கேட்டது. பிச்சையம்மாள் என்று பெயர், வந்தவர்களில் அவர் வைத்ததுதான் சட்டம். "எல்லாம் சரித்தான். தாய்மாமனை எழுப்புங்க. ஒரு வார்த்தை சம்மதம்னு சொல்லட்டும்."

நான் அடுப்படியைவிட்டு வெளியே வந்தேன். வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"எழுப்பக்கூடாதும்மா. நான் நர்ஸ். இப்பத்தான் ஊசி போட்டிருக்கேன். தொண்டை கட்டியிருக்கு, ரெண்டு நாளைக்குப் பேசவே கூடாது."

பிச்சையம்மாள் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கீழே வந்ததும் பார்வை நின்றுவிட்டது. "நர்ஸம்மாவுக்கு இம்புட்டுப் பெரிய பூட்ஸா?"

"வார்டுல ராத்திரி பகலா நடக்கணும்லம்மா."

அவர் எழுந்தார். நேராகக் கட்டிலுக்குப் போனார். குனிந்து, துண்டை நகர்த்தி, பால்சாமியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். யாரும் மூச்சுவிடவில்லை. பால்சாமியும்தான். பிச்சையம்மாள் உள்ளங்கையை நெற்றியிலிருந்து காதோரம்வரை ஓட்டினார். பிறகு கம்பளியை நன்றாக மேலே இழுத்துவிட்டார், மீசையும் மறைந்தது.

"ஆமா, நல்ல காய்ச்ச," என்றார். "பாவம், பேச வேண்டாம். அவுக சம்மதம்னே வச்சுக்கிடுவோம். பொண்ணை வரச்சொல்லுங்க."

வேலுத்தாய் வந்தாள். பூ வைத்தார்கள். மாப்பிள்ளை அப்போதுதான் தரையிலிருந்து தலையைத் தூக்கினார். கேசரி பரிமாறும்போது மணி பார்த்தேன், ஆறாக மூன்று நிமிடம் இருந்தது. டைரியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன்.

ஜீப்பை நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். பிணத்தைக் காணோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருந்தது. சமுத்திரம் ஜீப்புக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். இன்ஸ்பெக்டரின் முகம் ஒருமாதிரி இருந்தது. ஆனால் வாத்தியார் அல்லவா, தனுஷ்கோடி "இதுதான சார் சோதனை?" என்றதும் நிமிர்ந்துகொண்டார். "ஆமா, அதுதான் சோதனை. எல்லாத்தையும் எங்கிட்ட குடுங்க."

தனுஷ்கோடி பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தான். பால்சாமியை பேண்டேஜ் மூட்டைக்குள் சுருட்டி லாரியில் சாத்தூர் வழியாகக் கடத்திவிட்டார்கள் என்று, லாரி எண் முதற்கொண்டு. கோலத்துக்கு வரைபடமும் இருந்தது. மற்றவர்கள் கிணற்றையும் கண்மாயையும் எழுதியிருந்தார்கள். என் டைரியில் தேதி, இடம், என் பெயர். அவ்வளவுதான்.

"என்னம்மா இது?"

"எழுதல சார்."

"எழுதலையா, எழுத ஒண்ணுமில்லையா?"

"எழுதல சார்."

அவர் என் பூட்ஸில் ஒட்டியிருந்த சாணியைப் பார்த்தார். உறையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். தனுஷ்கோடிக்கு அறுபத்தைந்து போட்டவர், என் டைரியில் பெரிதாக ஒரு சைபர் போட்டார். பின்னால் தனுஷ்கோடி தொண்டையைக் கனைத்துக்கொண்டதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஜீப் கிளம்பியதும், பையை எடுக்க வளவுக்குத் திரும்பிப் போனேன். சுந்தரபாண்டியத்துக்காரர்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பிச்சையம்மாள் மட்டும் செருப்பை மாட்டுகிற சாக்கில் என் பக்கத்தில் நின்றார்.

"நர்ஸம்மா, அந்த அண்ணாச்சிக்குக் காதோரம் பஞ்சு வருது. தச்சு விட்டுருங்க."

நான் பூட்ஸைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இருபது வருசமா மில்லுல வேலை பாக்குதேன். மூச்சுக்கும் பஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? எம் மருமகன்கிட்ட சொல்லிட்டுத்தான் பொறப்படுதோம். அவன் சிரிக்கான். பஞ்சைப் படுக்கப்போட்டாவது மக கல்யாணத்தை முடிக்கப் பாக்குறா ஒருத்தி. அந்த வீட்டுப் பொண்ணை வேண்டாம்பாங்களா?"

ஐந்து பேர் இரண்டு மணி நேரம் தேடிய பிணத்தை, ஒரே உள்ளங்கையால் கண்டுபிடித்தது அவர்தான். அவருக்கு ஒரு மார்க்கும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சத்திரத்துப் படியில் மூச்சுவாங்குகிற சத்தம் கேட்டது. சீனியம்மாள் பால்சாமியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறி வந்தார். பை எடுக்கப் போனபோது சைபரைப் பற்றி நான்தான் வேலுத்தாயிடம் உளறியிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில்தான் வந்திருக்கிறார், கண்டக்டர் ஆளுக்கு ஒன்றாக இரண்டு டிக்கெட் கேட்டாராம். சட்டையைத் துவைத்துத் தேய்த்திருந்தார். காதோரத்தைத் தைத்திருந்தார். பால்சாமி உயிரோடு இருந்த காலத்தில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்கமாட்டார்.

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நான் விசிலைப் பைக்குள் போட்டதுவரை. "அய்யா, தப்பு என்னோடது. இந்தத் தாயி மார்க்கைக் குடுத்துருங்க."

இன்ஸ்பெக்டர் பால்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மீசை. அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது என்று நினைக்கிறேன். சமுத்திரம் மெதுவாக மாடியைவிட்டு இறங்கிவிட்டார்.

"போலீஸ்கிட்ட குடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாதும்மா. மார்க்கு மாறாது," என்றார் கடைசியில்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால் எனக்கு அடக்கத் தெரியாது. "சார், பிணம் எங்க இருந்துச்சுன்னு ஆறு பேர்ல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்குச் சைபர். சாத்தூர்ல தேடினவருக்கு அறுபத்தஞ்சா?"

"அவன் நெனச்சதை எழுதினான். அறுபத்தஞ்சு அவன் கையெழுத்துக்கு." தனுஷ்கோடியின் தலை குனிந்தது. "நீ பார்த்ததை எழுதல. அதுக்குத்தான் சைபர். அதை நான் மாத்தமாட்டேன், மூணு மாசம் இருந்துட்டுப் போ."

என் டைரியை எடுத்துப் பிரித்தார். "ஆனா, கிணத்துல தேடினேன், காணோம்னு நாலு வரி எழுதியிருந்தா நீ பாஸாயிருப்ப. மத்தவன் எல்லாம் அதைத்தான் எழுதினான். நீ வாயால நர்ஸுன்னு பொய் சொன்னவ, பேனாவால சொல்லல. டைரியில பொய்யைப் பாத்திருந்தா, மூணு மாசமில்ல, ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஒக்காரு."

உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். முப்பது வருடம் வேலை பார்த்தபிறகு சொல்கிறேன், அந்தச் சைபரைப் போல ஒரு மார்க் எனக்கு அதற்கப்புறம் யாரும் போட்டதில்லை.

சீனியம்மாள் போகாமல் நின்றுகொண்டிருந்தார். "அய்யா, தை மாசம் கல்யாணம். எங்க அண்ணன் இன்னும் எறங்கி வரல. மணவறையில இவரை நிக்கவைக்க முடியாது..." என்று பால்சாமியின் கையைப் பிடித்தபடியே பேச்சை இழுத்தார். வகுப்பே வெடித்துச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "தேதியைச் சொல்லுங்க," என்றார்.

தை மாதம் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். அதற்குள் மூன்று மாதம் முடிந்து, இன்னொரு கொலையில் தேறி, பட்டியலில் கடைசிப் பெயராக வேலையில் சேர்ந்திருந்தேன். வேலுத்தாய் பக்கத்தில், பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, சீர்த்தட்டோடு இன்ஸ்பெக்டர் ஐயாதுரை தாய்மாமனாக நின்றார். கோர்ட்டில் சாட்சி சொல்லும்போதுகூட அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

பிச்சையம்மாள் மணவறைக்கு வந்தார். இன்ஸ்பெக்டரின் மீசையைப் பார்த்தார். சுற்றிவந்து காதோரத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நர்ஸம்மா, அண்ணாச்சிக்குக் காய்ச்ச விட்டுருச்சு போலிருக்கே."